கழுத்தில் ஒரு சுண்ணாம்புப் பை

மொரீஷியஸில் வாழையும் தாழையும் வளர்ந்த தோட்டத்தில் காலை வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு பச்சைப் பல்லி கண்ணில் படும். ஃபெல்சுமா என்ற பேரினம். சுவர்ப் பல்லி இரவுக்காரன் என்றால் இது பகல்காரன். நீலவால் பல்லி இந்தத் தீவின் சொந்த இனம். பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற நம்மவர்கள் இதன் கழுத்தையும் ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

பெண் பல்லிக்குத் தாடைக்குப் பின்னால், கழுத்தின் இருபுறமும் வெள்ளையாகப் புடைத்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் கட்டி என்று பயந்துவிடுவார்கள். உண்மையில் அது சுண்ணாம்பு. உள்காதோடு தொடர்புள்ள பைகளில் கால்சியம் கார்பனேட் வெள்ளைக் குழம்பாகச் சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு சேமிப்பு எதற்கு? முட்டைக்குத்தான். ஓணான் முட்டையின் ஓடு தோல்போல இருக்கும். இந்தப் பல்லியின் முட்டைக்கோ கெட்டியான சுண்ணாம்பு ஓடு. ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் 2 முட்டைகள். இடும்போது ஓடு மெத்தென்றுதான் இருக்கும். தாய் பின்னங்கால்களில் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க, காற்றுப் பட்டு மெல்ல இறுகும். சில இனங்கள் இறுகுவதற்குள் அதை இலையிடுக்கிலோ பட்டையிலோ ஒட்டிவிடும்.

சரி, அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? பழமும் பூந்தேனும் நக்கினால் சர்க்கரைதான் கிடைக்கும். வளர்ப்பில் கொடுக்கும் சில்வண்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால்தான் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கிறோம். பொடி மட்டும் போதாது. தோலில் யூ.வி.பி. கதிர், அதாவது வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர், பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனவே கண்ணாடிப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்கும் என்பது வீண் நம்பிக்கை; பெட்டி சூடேறிப் பல்லி செத்துப்போகவும் கூடும். யூ.வி.பி. விளக்கு வேண்டும். வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். தாடை மென்மையாகும், கால் வளையும், வால் கோணும். முட்டையிடும் பெண்ணுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

கையில் பிடித்துக் கொஞ்ச ஆசைப்படாதீர்கள். வால் கழல்வது ஒருபுறம். இறுக்கிப் பிடித்தால் தோலே உரிந்துவிடும். தோட்டத்தில் திரிவதைப் பிடித்துப் பெட்டியில் அடைக்கவும் வேண்டாம். வளர்ப்பில் பிறந்ததுதான் சரி. பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும்.

அப்புறம், ஒரு ஈடு முடிந்ததும் பைகளைப் பாருங்கள். வற்றிக் கிடந்தால் ஆண் பல்லியைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். மாற்றிய கையோடு முட்டை நின்றுவிடாது: பெண் பல்லி விந்தணுக்களை உடலுக்குள் சேமித்துவைத்து, துணை இல்லாமலே இன்னும் சில ஈடுகள் இடும். அதுவரை பொடியை நிறுத்தாதீர்கள்.