தோளுக்கு ஒரு கூம்பு: வட்ட யோக் எப்படி விரிகிறது?

திருப்பூர் பனியன் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். ஊடும் பாவும் இருக்காது. கீழ்நோக்கிய குட்டி அம்பு முனைகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. கையால் பின்னும் கோடை டீ-ஷர்ட்டும் இதே பின்னல்தான். ஆனால் பனியன் துணியை வெட்டித் தைக்கிறார்கள். கைப்பின்னலில் கத்திரிக்கே வேலையில்லை. கழுத்தில் தொடங்கி வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரு ஊசிமுனைகள்) சுற்றிச் சுற்றி இறங்கவேண்டும். கழுத்துக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட யோக் பகுதியில், உருவம் முழுக்க கண்ணிகளைக் கூட்டுவதால் மட்டுமே வருகிறது.

எத்தனை கூட்டுவது? 4 மி.மீ. ஊசியில் உங்கள் பருத்தி நூல் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி, 10 செ.மீ. உயரத்துக்கு 30 சுற்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேஜைமேல் தட்டையாக விழும் வட்டத்துக்கு, ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.28 செ.மீ. கூடவேண்டும். அதாவது சுற்றுக்குச் சராசரி 4.6 கண்ணி, 20 செ.மீ. யோக்கின் 60 சுற்றுக்கு 276. தோள் மேஜை அல்லவே, சரிகிறது! அதனால் 88 செ.மீ. மார்புக்கு 100 கண்ணியில் தொடங்கி 300-இல் முடித்தால் போதும். கூட்டியது 200தான், குறைந்த அந்த 76 கண்ணிதான் தட்டை வட்டத்தைக் கூம்பாக்குகிறது. 276-ஐ நெருங்கினால் தோளில் கொசுவம் விழும். கூட்டுவதை நூற்றைம்பதோடு நிறுத்தினால், கையைத் தூக்கும்போது சட்டையும் கூடவே ஏறும்.

இந்த 200-ஐ மூன்றே சுற்றுகளில் சேர்த்துவிடலாம். 12-ஆம் சுற்றில் இரண்டு கண்ணிக்கு ஒன்று கூட்டவேண்டும் (மொத்தம் 150), 30-இல் மறுபடி இரண்டுக்கு ஒன்று (225), 46-இல் மூன்றுக்கு ஒன்று (300). இடையில் எண்ணிக்கை மாறாது. பூவேலைக்கு இடம் அங்கேதான். மூன்று எண்ணும் 25-ஆல் வகுபடுவதால் 25 இதழ்கள், தலா 6, 9, 12 கண்ணியாக அகன்றுகொண்டே வரும்.

ஐஸ்லாந்தின் லோபாபெய்சா கம்பளிச் சட்டையில் இந்த இடத்தில் பல நிற நூல் ஓடும். பின்னாமல் விட்ட நிறம் உள்பக்கமாகவே போவதால் துணி தடித்துவிடும். சென்னை மே மாதத்தில் அதை யார் போடுவது? இங்கே ஓட்டை வேலைதான் சரி: ஊசியில் நூலை ஒருமுறை சுற்றினால் ஓட்டை, பக்கத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாகப் பின்னினால் எண்ணிக்கை பழையபடி. ஓர் இதழில் அந்த ஜோடி தவறினால், அடுத்த சுற்றில் டிசைன் ஒரு கண்ணி நகர்ந்து நிற்கும்.

முதல் சுற்றை இணைக்கும் முன் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒருமுறை முறுக்கிக்கொண்டால் துணியும் முறுக்கிய வளையம்தான். பிரிப்பதைத் தவிர வழியில்லை. தொடக்க வரிசையையும் இறுக்காதீர்கள், 45 செ.மீ. கழுத்துக்குள் தலை நுழையவேண்டும். பின்கழுத்தில் மட்டும் சில அரைச் சுற்றுகள் (முழுதும் சுற்றாமல் பாதியில் திரும்பும் வரிசைகள்) போட்டு 2, 3 செ.மீ. உயர்த்தினால் முன்கழுத்து தொண்டையில் ஏறாது.

யோக் முடிந்ததும் முன் 92, பின் 92, கைக்கு 58, 58 என்று பிரித்து, ஒவ்வொரு அக்குளிலும் 10 கண்ணி புதிதாகப் போடவேண்டும். உடம்பு 204 ஆகும். சுமார் 93 செ.மீ. பிறகு கையைப் பின்னும்போது அக்குளின் இரு மூலையிலும் ஓட்டை விழும். அங்கே மூலைக்கொரு கண்ணி அதிகம் எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துவிடுங்கள்.

பருத்திக்குக் கம்பளியின் சுருள் இல்லை. நீண்டால் எளிதில் திரும்பாது. சுமார் 400 கிராம் சட்டையின் எடை யோக்கில்தான் தொங்குகிறது. எனவே மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். உடம்பை 2 செ.மீ. குட்டையாகவே முடியுங்கள். ஈரச் சட்டையை மொட்டைமாடிக் கொடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், தண்ணீர் எடையில் இதழ் ஓட்டைகளெல்லாம் நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்து வையுங்கள்.