மரவட்டையா, பூரானா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் என் கிளினிக்கில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "டாக்டர், சுவரெல்லாம் மரவட்டை. பிள்ளையைக் கடிச்சிட்டா?"

கடிக்காது. தொட்டால் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். ரொம்பச் சீண்டினால் உடம்பிலிருந்து ஒரு நீர் கசியும். தோலில் பட்டால் எரியலாம், கண்ணுக்கு ஆகாது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

கடிப்பது பூரான். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லித் தரலாம். மரவட்டை உருண்டையாக இருக்கும், அநேகமாக ஒவ்வொரு கணுவிலும் இரண்டு ஜோடிக் கால்கள், அலை அலையாக மெல்ல ஊரும். பூரான் தட்டை. கணுவுக்கு ஒரே ஜோடி, ஆனால் விருட்டென்று ஓடிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருதரம் காட்டினால் பிள்ளை கப்பென்று பிடித்துக்கொள்ளும். நாமோ இரண்டையும் ஒரே செருப்பால் அடிக்கிறோம்!

அதே பிள்ளை பள்ளியில் துருவக் கரடியை வரைந்து பரிசு வாங்கி வருகிறது. வரையட்டும், நல்லதுதான். ஆனால் சருகைத் தின்று மண்ணுக்கு உரமாக்கும் ஜீவனை வாசலிலேயே அம்மா நசுக்குவதையும் அது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாதென்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் பெரியவர்கள் சரம் கொளுத்தும் கதை இல்லை, ஊரே வெடிப்பதில்லை.

சரி, மண்ணில் விளையாடினால் வயிற்றில் பூச்சி வருமே என்பார்கள். வரலாம். அதற்குத்தான் செருப்பு, நகவெட்டி, சோப்பு, அப்புறம் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் குடற்புழு மாத்திரை. வீட்டுக்குள் பூட்டி வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம்.

அடுத்த முறை மரவட்டை வந்தால் பிள்ளையையே ஒரு காகிதத்தில் ஏற்றிச் செடியடியில் விடச் சொல்லுங்கள். பூரான் என்றால் தள்ளி நின்று பார்க்கட்டும், அப்புறப்படுத்துவது பெரியவர் வேலை. ஒருவேளை கடித்துவிட்டால் சோப்பால் கழுவி ஒத்தடம் கொடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.