பேரு என்னோடது, மொகம் நான் இல்லீங்க

விண்ணப்பத்தின் பிரதியை மேசையில் விரித்தேன். அந்த அம்மா பெயரையோ தொகையையோ பார்க்கவில்லை. அடியில் இருந்த கறுப்பு மையின் மேல் விரலை வைத்தார். "இது ரேகைங்க சார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. கையெழுத்துப் போடுவேன்."

இலங்கை மலையகத்தில் எங்களைப் போன்ற வக்கீல்களை "சேர்" என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்துமூன்று வருட அகதி முகாம் அந்தச் சொல்லையும் மாற்றியிருந்தது. (அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

1983 ஜூலையில் பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் அவருடைய லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எரிந்தபோது அவருக்கு 24 வயது. கைக்குழந்தையோடு வவுனியா, அங்கிருந்து மன்னார், 1984இல் வள்ளத்தில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். தேயிலைக் கொழுந்து எடுத்த எட்டு வருடத்துக்கான ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பு, இங்கே கணக்கில் கிடந்தது. 2017இல் ஊர் திரும்பி அதைக் கேட்டவருக்குக் கிடைத்த பதில்: பணம் 2009இலேயே உங்களுக்கு வழங்கப்பட்டுவிட்டது.

முதலில் எழுத்துப் பிழை என்றே நினைத்தேன். தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் சிக்கல்தான். ஆனால் ஒரு திகதி உறுத்தியது. இந்தப் பணத்தைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அம்மாவுக்கு 50 நிறைந்த ஆறாவது வாரமே விண்ணப்பம் போயிருக்கிறது. அவருடைய பிறந்த திகதியைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ காத்திருந்திருக்கிறார்கள்.

அதற்கு முந்திய வருடம் அவர் பெயரில் தேசிய அடையாள அட்டையும் எடுத்திருந்தார்கள். நீதிமன்றக் கட்டளையின் பேரில் எங்கள் கைக்கு வந்த அந்த அட்டை விண்ணப்பத்தில் இருந்த படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு என்னோடது. மொகம் நான் இல்லீங்க."

ஓடும்போது தகரப் பெட்டியைப் பக்கத்துக் காம்பிராவில் (லய அறையில்) கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாங்கி வைத்த கிழவி செத்துப் பல வருடம். பெட்டி இருந்தது, அதில் இரண்டு புடவையும் இருந்தது, பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. கிழவியின் மகன்தான் விஷயத்தைச் சொன்னார். நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த நேரம், "எல்லாருக்கும் எழுதித் தாறேன்" என்று ஒரு தரகர் லயம் லயமாகப் பத்திரம் சேர்த்தாராம். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருந்த மக்களின் நம்பிக்கையை இப்படிக் களவுக்குப் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்குள்ள உறவுகளுக்கும் சொல்கிறேன்: ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். கொலை, தேசத்துரோகம் போன்றவை தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடம் கடந்தால் பொதுவாக வழக்குத் தொடர முடியாது. முகாமில் கழியும் ஒவ்வொரு வருடமும் திருடியவருக்குச் சாதகம். இந்த அம்மாவின் வழக்குக்கு 2029 வரை இடமிருந்தது. களவு 1996இல் நடந்திருந்தால், அவர் ஊருக்கு வந்த நாளிலேயே என்னிடம் வந்திருந்தாலும் நான் கையை விரித்திருப்பேன்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே அடையாள அட்டை போயிருக்கிறதா என்று ஆட்பதிவுத் திணைக்களத்தில் கேட்க வையுங்கள். சேமலாப நிதிக் கணக்கைப் பற்றித் தொழில் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வக்கீலுக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். எந்தத் தரகருக்கும் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். போனவர்களின் பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

கைரேகையை ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. தரகர் வீட்டைச் சோதித்த பொலிஸ், ரொட்டி மா டின்னுக்குள் பொலித்தீனில் சுற்றிய இன்னும் ஏழு பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தது. எல்லாமே கடல் தாண்டிப் போனவர்களுடையவை. முகாம் முகாமாகக் கேட்டு, அதில் மூன்று பேரைத்தான் இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம்.