சோடா விட்டால் செம்பருத்திச் சாறு ஏன் வெளுக்கிறது?

செம்பருத்திப் பூவை வைத்து அமில, காரச் சோதனை நடத்தும் ஆசிரியர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கிறது, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகிறது. அதுவரை பாடப்புத்தகம் சொல்கிறபடிதான் நடக்கிறது. ஆனால் குடிக்கும் புட்டி சோடாவோ தயிர்த் தெளிவோ விட்டால் நிறமே இல்லாமல் போகிறதே, சாறு நீர்த்துவிட்டதா, கெட்டுவிட்டதா?

இரண்டும் இல்லை. சாயம் முழுசாக அங்கேயேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் ஒரே பூவை வைத்துப் பாடம் நடத்த முடிவதற்குக் காரணமே இந்த வெளுப்புதான். பெரும்பாலான வகுப்பறைகளில் அதைத் தோல்வி என்று நினைத்துக் கீழே கொட்டிவிடுகிறார்கள்.

முதலில் சாறு. அடர்சிவப்பு ஒற்றையடுக்குச் செம்பருத்தி ஐந்து போதும். காம்பையும் பச்சைப் புல்லியையும் நடுத்தண்டையும் நீக்கி, இதழ்களை மட்டும் கிள்ளிப் போட வேண்டும். கொதித்த தண்ணீரை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, அதில் 100 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் சாயம் இறங்கிவிடும். இதழ்களைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கொழகொழப்பு இறங்கி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் பைகார்பனேட் இருந்தால் சாறு தொடக்கத்திலேயே நீலம் பாய்ந்துவிடும், அதனால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே நல்லது. பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

இப்போது இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஐந்து ஐந்து மில்லி சாறு. ஒன்றில் ஐந்து மில்லி காய்ச்சி வடித்த நீரும் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு பத்துச் சொட்டும். மற்றதில் ஐந்து மில்லி புதுசாகத் திறந்த, நிறமோ இனிப்போ இல்லாத சோடா. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் முதல் டம்ளர் பளிச்சென்ற சிவப்பு. இரண்டாவதில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு மங்கல். இரண்டிலும் ஊற்றிய சாயம் ஒரே அளவு, திரவமும் ஏறக்குறைய ஒரே அளவு. இப்போது மங்கிய டம்ளரிலும் பத்துச் சொட்டு எலுமிச்சை. சிவப்பு திரும்பி வரும். நீர்த்ததுதான் காரணம் என்றால் இன்னும் கொஞ்சம் திரவம் சேர்த்ததும் நிறம் கூடுவது எப்படி? இந்தக் கேள்வியை மாணவர்கள் வாயிலிருந்து வரவைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

செம்பருத்தியின் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற சாயக் குடும்பம். அமிலத்தில் இந்த மூலக்கூறு நேர்மின் சுமை கொண்ட ஃபிளேவிலியம் அயனியாக இருக்கிறது. மூன்று வளையங்கள், அவற்றினூடே ஒன்றுவிட்டு ஒன்றாக ஓடும் இரட்டைப் பிணைப்புகள். இந்தத் தொடர் நீளமாக இருப்பதால்தான் எலக்ட்ரான்கள் நீலமும் பச்சையும் கலந்த ஒளியை விழுங்கி, சிவப்பை நம் கண்ணுக்கு விட்டுவைக்கின்றன. தொடர் எங்காவது அறுந்தால் நிறமும் போகும்.

அதை அறுப்பது சாதாரணத் தண்ணீர். சாறு முழுக்க நீர் மூலக்கூறுகள்தான், ஆனால் pH (அமில, கார அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) மிகக் குறைவாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. pH மூன்றைத் தாண்டியதும் கதை மாறுகிறது. நேர்மின் சுமையால் எலக்ட்ரான் பற்றாக்குறையோடு இருக்கும் ஒரு கார்பன், நடு வளையத்தில் ஆக்சிஜனுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நீர் மூலக்கூறு நேராக அங்கே வந்து ஒட்டிக்கொண்டு, ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் கார்பனுக்கு இப்போது நான்கு ஒற்றைப் பிணைப்புகள். இரட்டைப் பிணைப்புத் தொடர் நடுவில் துண்டாகிவிட்டது. மீதமிருக்கும் துண்டுகள் புற ஊதாக் கதிரைத்தான் விழுங்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடாது. சாயம் இருக்கிறது, நிறம் இல்லை.

சிவப்பு அயனி + நீர் ⇌ நிறமற்ற மூலக்கூறு + ஹைட்ரஜன் அயனி. எலுமிச்சை விடும்போது வலப்பக்கம் ஹைட்ரஜன் அயனி கூடுகிறது, வினை இடப்பக்கம் திரும்புகிறது, ஒட்டிய நீர் கழன்றுவிடுகிறது. இருபக்கமும் போகும் வினையில் ஒரு பக்கத்துப் பொருளைக் கூட்டினால் அதைக் குறைக்கும் திசையில் வினை நகரும் என்கிற லீ சாட்லியர் தத்துவத்துக்கு இதைவிட மலிவான, கண்ணால் பார்க்கக்கூடிய சான்று கிடைப்பது அரிது. வெறும் சாற்றின் மங்கிய ஊதாவைவிட எலுமிச்சை விட்ட பிறகு வரும் சிவப்பு பல மடங்கு அடர்த்தியாகத் தெரிவதும் இதனால்தான். வெறும் சாற்றிலேயே சாயத்தின் பெரும்பகுதி நிறமற்ற வடிவில் ஒளிந்திருக்கிறது.

இதே சோதனையைச் சங்குப்பூவில் செய்து பாருங்கள். பத்து நீலப் பூ, 100 மில்லி வெந்நீர், அதே பத்து நிமிடம். சோடா விட்டாலும் நீலம் அசையாது. இதிலும் ஆந்தோசயனின்தான், ஆனால் டெர்னட்டின் என்ற வகை. அதன் வளையங்களிலிருந்து சர்க்கரைகளும், அவற்றின் நுனியில் தட்டையான அரோமாட்டிக் வளையங்களும் கைகள் மாதிரி நீண்டிருக்கின்றன. அந்தக் கைகள் மடிந்து சாய வளையத்தின் மேலும் கீழும் படிந்துகொள்வதால், நீர் மூலக்கூறு அந்தப் பற்றாக்குறைக் கார்பனை நெருங்கவே வழியில்லை. செம்பருத்தியின் முக்கியச் சாயத்துக்கு வெறும் சர்க்கரைதான் உண்டு, மூடிக்கொள்ளக் கைகள் இல்லை. ஒரு மூலக்கூறின் வடிவம் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இரண்டு வேலிப்பூக்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று காட்டுகின்றன. வேதியியலில் இதைவிட அழகான ஜோடியைப் பள்ளி வளாகத்துக்குள் தேடிப் பிடிப்பது கடினம்.

எந்த வகுப்புக்கு எதை எடுப்பது? எட்டாம் வகுப்புக்கு வகைபிரித்தல் போதும். தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் குழிகளில் இரண்டு இரண்டு சொட்டுச் சாறு விட்டு, வினிகர், சோப்புத் தண்ணீர், சமையல் சோடா, உப்புக் கரைசல் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். அறுபது பேர் உள்ள வகுப்புக்கும் ஒரு டம்ளர் சாறு போதும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத மாணவர் இருந்தால், டம்ளருக்கு அடியில் அச்செழுத்து வைத்து நிறத்துக்குப் பதில் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லலாம். வெளுக்கும் சோதனை அவருக்கும் அப்படியே வேலை செய்யும்.

பத்தாம் வகுப்புக்கு நடுநிலையாக்கல். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை 200 மில்லி தண்ணீரில் கலக்கி, மூடி, ஒரு இரவு தெளியவிட வேண்டும். இதை ஆசிரியரே செய்து, தெளிந்த நீரை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். சுண்ணாம்புப் பசை கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால் பசையை மாணவர் கையில் தரவே கூடாது. தெளிந்த நீருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 4 சதவீத வினிகர் ஒரு மில்லியை 20 மில்லியாக நீர்த்துக்கொண்டு, இருபது சொட்டுச் சுண்ணாம்பு நீரில் சொட்டுச் சொட்டாக, ஒரே சொட்டுக்குழாயால் விட்டால், 25 சொட்டை ஒட்டி முடிவுப்புள்ளி, அதாவது காரம் முழுதும் தீரும் இடம், வரும். இதற்கு மட்டும் நிறங்காட்டியாகச் செம்பருத்தியைவிட ஒரு சிட்டிகை மஞ்சள்தூளே மேல். சிவப்பு மஞ்சளாகும் இடம் தெளிவாகத் தெரியும். எண்ணிக்கை 15-க்கு இறங்கினால் சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்: காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து மேலே வெள்ளை ஏடாகப் படிந்து காரத்தைக் குறைத்துவிட்டது. 35, 40 என்று ஏறினால் நீர் தெளியவில்லை. மிதக்கும் துகள்கள் அமிலம் விட விடக் கரைந்துகொண்டே இருக்கின்றன.

செம்பருத்தி ஏன் இங்கே சரிப்படாது என்பதும் தனிப் பாடம். சுண்ணாம்பு நீரின் pH பன்னிரண்டுக்கு மேல். அங்கே சாறு முதலில் பச்சையாகி, கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகிறது. நடு வளையமே திறந்து மூலக்கூறு சிதையத் தொடங்கிவிட்டது. பச்சையாக இருக்கும்போதே அமிலம் விட்டால் சிவப்பு திரும்பும். அரை மணி கழித்து விட்டால் பெரும்பாலும் திரும்பாது. மீள் வினையும் மீளா வினையும் ஒரே குழிக்குள்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு வினைவேகம். 50 மில்லி வினிகரில் சமையல் சோடாவை நுரை நிற்கும்வரை சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும், ஏறக்குறைய 2.8 கிராம் பிடிக்கும். அதோடு இன்னொரு 50 மில்லி வினிகரைச் சேர்த்தால் pH 4.7-ஐ ஒட்டிய தாங்கல் கரைசல் (கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் pH அதிகம் மாறாத கரைசல்) தயார். இரண்டு சொட்டு எலுமிச்சையால் சிவக்கவைத்த ஐந்து மில்லிச் சாற்றில் இதை ஐந்து மில்லி ஊற்றிக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரஜன் அயனி கைமாறுவது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், அதனால் சாயல் உடனே மாறும். நீர் வந்து ஒட்டுவது மெதுவான வேலை, அதனால் மீதி நிறம் மெல்ல மெல்லக் கரையும். ஒரே டம்ளரில் இரண்டு வேகங்கள். குளிர்ந்த கரைசலிலும் வெதுவெதுப்பான கரைசலிலும் செய்து நேரத்தை ஒப்பிடலாம்.

சோதனை சொதப்பும் இடங்கள் பெரும்பாலும் பொருளில்தான். நோட்டுத் தாளைச் சாற்றில் நனைத்துக் காயவைத்தால் தாளே நீலப்பச்சையாகிவிடும். வெள்ளைத் தாளில் நிரப்பியாகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்தான் காரணம். வடிதாளே வேண்டும், அதையும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். சில புட்டி சோடாக்களில் சமையல் சோடா சேர்த்திருப்பார்கள், அவற்றில் வெளுப்புக்குப் பதில் ஊதா வரும். அலுமினியப் பாத்திரத்திலிருந்து இறங்கும் அயனி சாயத்தோடு பிணைந்து நீலச் சாயல் தரும். இந்த உலோகப் பிணைப்பை லேசாக எண்ண வேண்டாம். 1915-ல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டெட்டர், சிவப்பு ரோஜாவிலும் கார்ன்பிளவர் என்ற நீலப் பூவிலும் இருப்பது ஒரே சாயம் என்று கண்டு, pH வேறுபாடுதான் காரணம் என்று நினைத்தார். அந்த நீலத்துக்குக் காரணம் இரும்பும் மக்னீசியமும் சாயத்தோடு சேர்ந்த கூட்டமைப்பு என்பது பின்னாளில் நிரூபணமானது.

இந்த நூறு ரூபாய்ச் சோதனைகளைக் காட்டி, பள்ளிக்கு ஆய்வகம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக் கூடாது. தராசும் pH மீட்டரும் புகைபோக்கியும் உள்ள ஆய்வகம் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் உரிமை. பூ அதற்கு மாற்று ஆகாது. ஆனால் எலுமிச்சம்பழத்தை அறுத்து ‘ரத்தம்’ வரவழைத்து, செய்வினை எடுத்ததாகக் காசு பறிப்பவரை எதிர்கொள்ளப் பூவே போதும். கத்தியில் செம்பருத்தி இதழைத் தேய்த்துக் காயவிட்டால் முடிந்தது, மீதியைச் சிட்ரிக் அமிலம் பார்த்துக்கொள்ளும். கழுவிய கத்தி ஒன்று, இதழ் தேய்த்த கத்தி ஒன்று, ஒரே பழத்தின் இரண்டு பாதிகள். ஒன்பதாம் வகுப்பில் எல்லா மாணவர் கண்முன்னும் இதைச் செய்துகாட்ட வேண்டும்.

வேறு பூக்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் பீட்ரூட், காகிதப்பூ, கோழிக்கொண்டை, சிவப்புத் தண்டுக்கீரை வந்தால் எலுமிச்சைக்கு அசையாது என்பதை மனதில் வையுங்கள். அவற்றின் சிவப்பு பீட்டலெய்ன் என்ற, நைட்ரஜன் கொண்ட வேறொரு சாயக் குடும்பம். கடுங்காரத்தில் மட்டும் மஞ்சளாகும். ஆந்தோசயனினும் பீட்டலெய்னும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்து இருப்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயர் தெரியாத ஒரு சிவப்பு இதழ் கிடைத்தால், அது எந்தக் குடும்பம் என்பதை ஒரு சொட்டு எலுமிச்சையும் ஒரு சொட்டுச் சோடாவும் வைத்தே மாணவர்கள் கண்டுபிடித்துவிடலாம்.