தப்பிச்சாலும் மாட்டிக்கற பாக்டீரியா

மழைக்காலத்துல கீழ் வீட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டா மோட்டார் வச்சு வெளிய அடிப்போம்ல, சூடோமோனாஸ்ங்கற பாக்டீரியா பண்றதும் அதே வேலை தான். நாம ஆன்டிபயாடிக் குடுக்கறோம், மருந்து அதுக்குள்ள நுழையுது, ஆனா வேலைய காட்டறதுக்கு முன்னாடியே அதோட மேல்சுவர்ல இருக்கற குட்டி குட்டி பம்புங்க மருந்த வெளிய தள்ளிடுது. ஒரே பம்பு பல வகை மருந்தையும் தள்ளும், அதான் கொடுமை. டாக்டர் மருந்த மாத்தி மாத்தி எழுதியும் சில பேருக்கு காய்ச்சல் இறங்காம கிடக்கறதுக்கு இது ஒரு காரணம் (மருந்தையே உடைச்சுப் போடற என்சைம் வச்சிருக்கற பாக்டீரியாவும் உண்டு, அது தனிக் கதை). 2019ல மட்டும் இப்படி மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா செத்தவங்க உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர்னு கணக்கு போட்டிருக்காங்க. அத்தனையும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆளுங்க.

இதுக்கு மாத்து வழின்னு தேடறப்போ எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுக்கறது ஃபேஜ். பாக்டீரியாவ மட்டும் தாக்கற வைரஸ் அது, மனுஷ செல்ல தாக்காது. பாக்டீரியாவோட மேல்சுவர்ல தனக்கு பழக்கமான ஒரு இடத்த காலால கவ்வி பிடிச்சு, தன்னோட டிஎன்ஏவ உள்ள இறக்கிடும். அப்புறம் அந்த பாக்டீரியாவே ஃபேஜ் தயாரிக்கற பட்டறையா மாறிடும், கொஞ்ச நேரத்துல உள்ள டஜன் கணக்குல, சில சமயம் நூத்துக்கணக்குல குட்டி ஃபேஜுங்க ரெடியாகி, சுவர கரைச்சு வெடிச்சு வெளிய வந்து பக்கத்துல இருக்கறத பிடிக்கும். புதுசு இல்ல இது, 1917லயே ஃபெலிக்ஸ் டெரெல் பாரிஸ்ல கண்டுபிடிச்சு பேர் வச்சது. பென்சிலின் வந்ததும் மேற்கு நாடுங்க இத கிட்டத்தட்ட மறந்துட்டாங்க, ஜார்ஜியா நாட்டோட திபிலிசி மாதிரி சில இடத்துல மட்டும் விடாம இத வச்சு வைத்தியம் பண்ணிட்டு வந்தாங்க.

சரி, ஆன்டிபயாடிக்க ஏமாத்தின பாக்டீரியா ஃபேஜ ஏமாத்தாதா? ஏமாத்தும். ஃபேஜ் பிடிக்கற இடத்தையே மாத்திக்கும், இல்ல தூக்கி எறிஞ்சிடும். ஆனா விஷயமே இங்க தான் இருக்கு. அந்த இடம் பாக்டீரியாவுக்கு ரொம்ப முக்கியமான உறுப்பா இருந்தா?

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல பால் டர்னர், பெஞ்சமின் சான் குழு அப்படி ஒரு ஃபேஜ தான் பிடிச்சாங்க, கனெக்டிகட்ல டாட்ஜ் குளம்னு ஒரு குளத்து தண்ணில இருந்து. ஓஎம்கேஓ1னு பேரு. 2016ல அவங்க எழுதின ஆய்வுப்படி இது கவ்வறது அந்த மருந்த வெளிய தள்ளற பம்போட வெளிக்குழாயவே. இப்போ சூடோமோனாஸ் நிலைமைய யோசிச்சு பாருங்க, பம்ப வச்சிருந்தா ஃபேஜ் வந்து கொல்லும், ஃபேஜுக்கு பயந்து பம்ப மாத்தினா மருந்த வெளிய தள்ள முடியாம பழைய ஆன்டிபயாடிக்கே கொன்னுடும். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

அந்த வருஷமே இத ஒரு நோயாளிக்கு குடுத்தாங்க. நெஞ்சுல பெரிய ரத்தக்குழாய்க்கு பதிலா வச்ச செயற்கைக் குழாய்ல சூடோமோனாஸ் குடியேறி வருஷக்கணக்கா போகல, எடுத்து மாத்தறதும் உயிருக்கு ஆபத்து. ஃபேஜையும் செஃப்டாசிடிம்ங்கற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து அந்த இடத்துலயே செலுத்தினாங்க. அப்புறம் எடுத்த டெஸ்ட்ல சூடோமோனாஸ் வளரல, ஆன்டிபயாடிக்க நிறுத்தின பிறகும் திரும்பி வரல. ஒரு ஆளோட கதைய வச்சு எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது தான், ஆனாலும் படிச்சப்போ எனக்கு மனசு நிறைஞ்சுது.

ஆஸ்திரேலியால மோனாஷ் பல்கலைக்கழகத்துலயும் இதே மாதிரி 2021ல காட்டினாங்க. அசினெட்டோபேக்டர்னு ஒரு பாக்டீரியா, தன்னோட உடம்ப சுத்தி கெட்டியா ஒரு உறை போட்டிருக்கும். ஃபேஜ் அந்த உறைய தான் பிடிக்குது, தப்பிக்கணும்னா உறைய கழட்டணும், கழட்டினதும் அடங்காம இருந்த சில மருந்துக்கு மறுபடி அடங்குது.

கஷ்டம் என்னன்னா ஒரு ஃபேஜ் எல்லா பாக்டீரியாவையும் பிடிக்காது, ஒரே இனத்துலயே சிலத தான் பிடிக்கும். அதனால நோயாளி கிட்ட எடுத்த பாக்டீரியாவ தட்டுல வளர்த்து, மேல ஃபேஜ் சொட்டு வச்சு, எந்த இடத்துல பாக்டீரியா செத்து ஓட்டை போட்ட மாதிரி தெளிவா ஆகுதுன்னு ஒவ்வொண்ணா பாக்கணும். டாம் பேட்டர்சன்னு சான் டியாகோ பேராசிரியர், 2015 கடைசில எகிப்துக்கு போன இடத்துல வயித்துல வந்த பிரச்சனைல இதே அசினெட்டோபேக்டர் புகுந்து கோமாவுக்கே போயிட்டார். அவர் மனைவி ஸ்டெஃபனி ஸ்ட்ராத்டி தொற்றுநோய் ஆராய்ச்சியாளர், ஊர் ஊரா லேபுக்கு எழுதி ஃபேஜ் கேட்டாங்க. டெக்சாஸ்ல இருந்தும் அமெரிக்க கடற்படை லேப்ல இருந்தும் வந்தத 2016 மார்ச்ல ஏத்தினாங்க, சில நாள்லயே கண் முழிச்சார். அப்புறம் பாக்டீரியா அந்த ஃபேஜுங்களுக்கும் தப்பிச்சிடுச்சு. உடனே சாக்கடை தண்ணில தேடி வேற ஒண்ண பிடிச்சு, கூடவே மினோசைக்ளின் மருந்தையும் குடுத்தாங்க. ஆகஸ்ட்ல வீட்டுக்கு வந்துட்டார்.