எஸ் என்பது வகுப்பு அல்ல, கேண்மை

ஆங்கிலத்தில் ‘கிளாஸ் எஸ்’ எனப்படும் ஜப்பானியப் பெண்கள் பள்ளிக் கதைகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘எஸ் வகுப்பு’ என்று போடுகிறார்கள். விடுதிக் கதை, பள்ளிச் சீருடை, மேல்வகுப்பு அக்காமேல் உயிரையே வைத்திருக்கும் சின்னப் பெண், இதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் நடக்கும் கதைக்கு ‘எஸ் வகுப்பு’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஒன்பதாம் வகுப்பு எஸ் பிரிவு என்றுதான் நினைப்பார். இதைப் பலமுறை பார்த்தாயிற்று, இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியாவது இருக்க வேண்டும் என்று 1899-ல் ஜப்பானில் ஆணை வந்தது. அந்தப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் மூத்த மாணவி ஒருத்தியும் இளைய மாணவி ஒருத்தியும் ஜோடி சேர்ந்து கடிதம் எழுதிக்கொள்வதும், ரிப்பனும் பூவும் பரிமாறிக்கொள்வதும் வழக்கமாயிற்று. சகோதரி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த ‘எஸ்’. மாணவிகள் வாயில் புழங்கியது வெறும் எஸ், அவ்வளவுதான். முன்னால் ஒட்டிக்கொண்ட ‘கிளாஸ்’ இங்கே வகை என்ற பொருளில் நிற்கிறது. வகை என்று எழுத வேண்டிய இடத்தில் வகுப்பு என்று எழுதியதில்தான் கோளாறு தொடங்கியது.

சரி, ‘எஸ் வகை’ என்று திருத்தினால் போதுமா? போதாது. தமிழ் வாசகருக்கு அது எதையும் சொல்லாது. அதனால் விளக்கம் சேர்க்கிறார்கள், அங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. நான் அதிகம் பார்ப்பது ‘அப்பாவித்தனமான காதல்’. தமிழில் அப்பாவி என்றால் விவரம் தெரியாதவர், ஏமாறக்கூடியவர், அல்லது போலீஸ் பிடித்துக்கொண்டு போன குற்றமற்றவர். 1937-38-ல் ஒரு சிறுமியர் பத்திரிகையில் எழுத்தாளர் கவாபாத்தா யசுநாரி பெயரில் ஒரு தொடர்கதை வந்தது. யோகோஹாமா மிஷன் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு மூத்த மாணவிகளிடமிருந்து கடிதம் வருகிறது, அவள் யாருக்குத் தங்கை ஆவது என்பதுதான் கதையே. அந்தப் பெண்களுக்குத் தங்கள் மனசு நன்றாகவே தெரியும். பொறாமையும் தெரியும், விட்டுக்கொடுப்பதும் தெரியும். அவர்களை அப்பாவி என்பது கதையைப் படிக்காமலே பெயர் வைப்பது.

‘தூய காதல்’, ‘களங்கமற்ற காதல்’ இரண்டும் இதைவிட மோசம். இது களங்கமற்றது என்று சொன்னவுடன் வேறு ஏதோ ஒன்று களங்கமுள்ளது என்று ஆகிவிடுகிறது. பெண்ணும் பெண்ணும் வளர்ந்து சேர்ந்து வாழ்ந்தால் அது களங்கமா? எதிர்ப்பக்கத்தில் ‘ஓரினச்சேர்க்கை மாங்கா’ (மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை) என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘சேர்க்கை’ ஒரு செயலைச் சுட்டுகிற சொல், உணர்வைச் சுட்டுகிற சொல் அல்ல. கடிதமும் கைக்குட்டையுமாக நகரும் ஒரு கதைக்கு அதை ஒட்டுவது அபத்தம். மனிதர்களின் அடையாளத்தைச் சொல்லவும் அந்தச் சொல் வேண்டாம் என்றுதான் பலரும் ‘தன்பாலீர்ப்பு’ என்று எழுதத் தொடங்கினார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழிலேயே வெளியிட்டது. அதற்கப்புறமும் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு கூட்டம் ‘அல்லி மாங்கா’ என்கிறது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதல் கதைகளைக் குறிக்கும் யூரி என்ற ஜப்பானியச் சொல்லின் மொழிபெயர்ப்பாம் இது. ஆண்களை விரும்பும் ஆண்களுக்காக 1971-ல் ஜப்பானில் தொடங்கிய ஒரு பத்திரிகையின் பெயரில் ரோஜா இருந்தது. 1976-ல் அதன் ஆசிரியர் இத்தோ புங்காக்கு பெண் வாசகர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கி, ரோஜாவுக்கு ஜோடியாக லில்லிப் பூவின் பெயரை அதற்கு வைத்தார். ஜப்பானிய மொழியில் யூரி என்பது தரையில் கிழங்கிலிருந்து முளைக்கும் லில்லி. நம் அல்லி குளத்தில் மிதப்பது, அதற்கு அவர்களிடம் சூய்ரென் என்று தனிப்பெயரே இருக்கிறது. செடி மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தமிழில் அல்லி என்றதும் அல்லி அரசாணி நினைவுக்கு வருவாள், அல்லி தர்பார் நினைவுக்கு வரும். அர்ச்சுனனையே திணறடித்த ராணியின் அதிகாரத்துக்கும் ஒரு பள்ளி மாணவியின் வெட்கத்துக்கும் என்ன சம்பந்தம்? லில்லி என்றே எழுதலாம், யூரி என்றே எழுதினால் இன்னும் நல்லது.

அதோடு யூரியும் எஸ்ஸும் ஒன்றல்ல. எஸ் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய பெண்கள் பள்ளிகளின் வழக்கம், அதிலிருந்து வளர்ந்த கதை மரபு. 1947-க்குப் பிறகு ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் பெருகியதும் அந்த வழக்கம் தேய்ந்துபோனது, கதைகளில் மட்டும் தங்கியது. யூரி அதைவிடப் பெரிய வட்டம், இன்றைய அலுவலகப் பெண்களின் கதைகூட அதில் அடங்கும். 1971-ல் யமகிஷி ரியோகோ வரைந்த, பிரெஞ்சு விடுதிப் பள்ளியில் நடக்கும் மாங்காவைத்தான் முதல் யூரி மாங்கா என்று பலரும் சொல்கிறார்கள். அதன் முடிவு மரணம். எஸ் மரபில் முடிவு பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடிவதோ கல்யாணமோதான். ‘இதெல்லாம் பள்ளிப் பருவத்தோடு சரி’ என்று பெரியவர்கள் நினைத்ததால்தான் இந்த உறவை அனுமதித்தார்கள்.

அந்த நினைப்பை உடைத்தவரே இந்த மரபுக்கு உருவம் கொடுத்தவர்தான். யோஷியா நொபுகோ 1916-ல் பூக்களின் பெயரில் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார், மொத்தம் 52 கதைகள். 1919-ல் விடுதி ஒன்றின் பரணறையில் சந்திக்கும் இரண்டு பெண்களைப் பற்றி நாவல் எழுதினார், கடைசியில் அவர்கள் சேர்ந்தே வாழக் கிளம்புகிறார்கள். அவரும் அப்படித்தான் வாழ்ந்தார். 1923-ல் சந்தித்த மோன்மா சியோவுடன் 1973-ல் இறக்கும்வரை இருந்தார். இரண்டு பெண்கள் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தராததால் 1957-ல் சியோவைத் தன் மகளாகத் தத்தெடுத்தார். தோழி, காதலி, சட்டப்படி உறவினர் என்று மூன்றும் ஒரே ஆள்.

இந்த மூன்றையும் தாங்குகிற சொல் தமிழில் இருக்கிறது: கேண்மை. கேள் என்றால் உறவு, ‘யாவரும் கேளிர்’ என்பதில் வரும் அதே கேள். ‘நிறைநீர நீரவர் கேண்மை’ என்று குறளில் அது நட்பு. நற்றிணையின் முதல் பாட்டில் தலைவி ‘புரைய மன்ற புரையோர் கேண்மை’ என்று சொல்லும்போது அது அவள் காதல். குறுந்தொகையில் நிலத்தைவிடப் பெரியது என்று தலைவி சொல்வதும் ‘நாடனொடு நட்பே’ என்றுதான் முடிகிறது. நட்புக்கும் காதலுக்கும் நடுவே இன்று நாம் போடும் வேலி அங்கே கிடையாது. எஸ் உறவிலும் அந்த வேலி கிடையாது.

‘தோழிக்காதல்’ என்று சொல்லலாமே என்பார்கள். அகப்பாட்டில் தோழிக்கென்று ஒரு வேலை இருக்கிறது, தலைவனிடம் தூது போவதும் அறத்தொடு நிற்பதும், அதாவது தலைவியின் காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவதும். அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டு ஜப்பானியக் கதைக்குள் கூட்டிப்போனால் வாசகர் தலைவன் எங்கே என்று தேடுவார். ‘சகோதரிக் காதல்’ கேட்கவே தப்பாக இருக்கிறது. கேண்மை பழைய சொல், யாருக்கும் புரியாது என்பதும் ஒரு வாதம். ‘எஸ் வகுப்பு’ மட்டும் யாருக்குப் புரிந்தது? கேண்மையை அகராதியில் பார்த்தால் சரியான பொருள் கிடைக்கும், ‘எஸ் வகுப்பை’ எங்கே போய்ப் பார்ப்பது?

அதனால் என் பரிந்துரை இது. வரலாறு பேசும் கட்டுரையில் முதல் தடவை ‘எஸ் எனப்படும் மாணவியர் கேண்மை’ என்று எழுதுங்கள், அப்புறம் எஸ் என்றோ கேண்மை என்றோ தொடரலாம். கதைக்குள் இளைய மாணவி மூத்தவளை மரியாதையாக அழைக்கும் ‘ஒனேசமா’வை (ஒனே என்றால் அக்கா, சமா மரியாதை விகுதி) ‘மூத்த சகோதரி அவர்களே’ என்று ஆக்காதீர்கள், எந்தப் பெண்ணும் அப்படிக் கூப்பிட மாட்டாள். ‘அக்கா’ போதும், கூடவே ‘வாங்க, சொல்லுங்க’ என்று வினையில் மரியாதை வந்தால் அந்த ‘சமா’வும் தானாக வந்துவிடும்.