34 தளங்கள், ஒரே சாவிக்கொத்து

திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை காபி, இரண்டாவது வேலை அப்டேட். வேர்ட்பிரஸ் என்பது இணையதளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருள்; அதில் ஓடும் தளங்களில் நான் பராமரிப்பவை இப்போது 34. ஒரு பலகாரக் கடை, ஒரு பட்டுப்புடவைக் கடை, இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு பல் மருத்துவர், மற்றதெல்லாம் இதே மாதிரி சின்னச் சின்ன நிறுவனங்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு தளத்திலும் தனியாக லாகின் செய்வேன். பிளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) பக்கத்துக்குப் போய் அப்டேட் கொடுத்து, முகப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தளத்துக்குப் போவேன். தளத்துக்குப் பத்து நிமிஷம் என்றாலும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். இப்படிப்பட்ட வேலையை மனுஷன் தள்ளித்தான் போடுவான். நானும் போட்டேன், சில சமயம் ஒரு மாதம் வரை.

தளத்துக்குள் அத்துமீறி நுழைய மென்பொருளில் ஓட்டை தேடுகிறவர்களுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 வந்தது. லாகினே இல்லாமல் ஒரு தளத்தின் பதிவுகளை மாற்றிவிடக்கூடிய ஓட்டையை அதில் அடைத்திருந்தார்கள். விவரத்தை ஒரு வாரம் கழித்துத்தான் வெளியே சொன்னார்கள். சொன்ன சில நாட்களுக்குள் அப்டேட் செய்யாத தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் அலங்கோலமாகிவிட்டன.

அதனால்தான் எல்லாத் தளங்களையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மைய டாஷ்போர்டுக்கு மாறினேன். மெயின்டபிள்யூபி, மேனேஜ்டபிள்யூபி, இன்ஃபினிட்டபிள்யூபி என்று பல உண்டு. அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு தளத்திலும் ஒரு இணைப்புப் பிளகினைப் போடுகிறோம், மையத்திலிருந்து வரும் உத்தரவை அது நிறைவேற்றுகிறது. எந்தத் தளத்தில் எது பழசு, எங்கே பேக்கப் எடுத்து எத்தனை நாள் ஆச்சு என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும். மேனேஜ்டபிள்யூபி அவர்களுடைய சர்வரில் ஓடுவது. மெயின்டபிள்யூபியை நம் சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது நாமே வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில் நிறுவிக்கொள்ளலாம். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்த வேர்ட்பிரஸிலேயே இருக்கும் மல்டிசைட் வசதியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் எல்லாத் தளங்களும் ஒரே டேட்டாபேஸில் கூட்டுக் குடும்பம் நடத்தும். ஒரு கிளையன்ட் பிரிந்து போகும்போது பாகப்பிரிவினை பெரிய தலைவலி.

ஆறு மணி நேர வேலை முக்கால் மணி நேரமானது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பு செய்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சாயங்காலம். திரையில் 61 அப்டேட்கள் காத்திருந்தன. மேலே 'எல்லாவற்றையும் அப்டேட் செய்' என்று ஒரு பட்டன். அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். எட்டரை மணிக்குப் பலகாரக் கடை அண்ணாச்சியிடமிருந்து போன். "தம்பி, பணம் கட்டுற பக்கம் வெள்ளையா இருக்கே, ஒண்ணுமே வரலையே?" பணம் வாங்கும் பிளகினின் புதுப் பதிப்பு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் புதிய பதிப்பைக் கேட்டது; அந்த ஹோஸ்டிங்கில் இருந்தது பழசு. மற்ற 33 தளங்களிலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் வருஷத்தில் அதிகம் விற்கும் நாளில், அதிகம் விற்கும் கடை இரண்டு மணி நேரம் மூடிக்கிடந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தப் பட்டனை அதற்குப் பிறகு நான் தொடுவதில்லை. திங்கட்கிழமை பல் மருத்துவர் மாதிரி, விற்பனை நடக்காத தளங்கள் நாலைந்துக்கு மட்டும் அப்டேட். ஒரு நாள் ஓடவிட்டுப் பார்ப்பேன். செவ்வாய் காலை மற்றவை. கடைகள் கடைசியில்தான், அதுவும் முதலில் பேக்கப், பிறகு ஸ்டேஜிங் நகலில் (சோதனைக்கென்றே வைத்திருக்கும் தளத்தின் பிரதி) ஒரு சோதனை ஆர்டர், அப்புறம்தான் உண்மையான தளம். வெள்ளிக்கிழமையும் பண்டிகை வாரமும் அப்டேட்டுக்கு விடுமுறை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டுக்கு மட்டும் இந்த நாள் கணக்கு கிடையாது, அன்றைக்கே.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. மைய டாஷ்போர்டு ஒரு சாவிக்கொத்து. அதற்குள் ஒருவன் நுழைந்தால் 34 கடையும் அவன் கையில். அதுபோக, தளங்களில் போட்டிருக்கும் இணைப்புப் பிளகினும் புதிதாக வைத்த ஒரு கதவுதான். 2020 ஜனவரியில் இன்ஃபினிட்டபிள்யூபியின் இணைப்புப் பிளகினில் ஓர் ஓட்டை வெளிவந்தது. நிர்வாகியின் பயனர் பெயர் தெரிந்தால் போதும், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடலாம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின் அது. 1.9.4.5 பதிப்பில் சரிசெய்தார்கள். பயனர் பெயரை 'அட்மின்' என்றே விட்டுவைத்திருந்தவர்களின் நிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள். எந்த டாஷ்போர்டைப் பயன்படுத்தினாலும் சரி, நான் முதலில் அப்டேட் செய்வது இணைப்புப் பிளகினைத்தான்.

என் டாஷ்போர்டு தனி ஹோஸ்டிங்கில், வேறு எந்தத் தளமும் இல்லாத இடத்தில் இருக்கிறது. கிளையன்ட் தளம் இருக்கும் கணக்கிலேயே அதையும் வைப்பது, வீட்டுச் சாவியை வாசல் மிதியடிக்கு அடியில் வைப்பது போலத்தான். உள்ளே நுழையக் கடவுச்சொல்லோடு கைபேசியில் வரும் குறியீடும் வேண்டும். பேக்கப் நகல் தளம் இருக்கும் சர்வரிலேயே கிடந்தால் அதை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகலை எடுத்து, திரும்ப ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிடுவேன்.

டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருந்தும் ஒரு தளம் காணாமல் போகலாம். ஒரு பள்ளிக்கூடத்தின் டொமைன், அதாவது இணைய முகவரி, முன்பு வேலை பார்த்தவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. ஒரு காலையில் தளமே இல்லை. அப்போதிருந்து எல்லா டொமைன்களின் காலாவதித் தேதியையும், அவை யார் பெயரில் எந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்பதையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

போன மாதம் அண்ணாச்சி கணக்கு முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி, எல்லாச் சாவியும் உங்ககிட்டதான் இருக்கு. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்க சைட்டை யாரு திறக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ராத்திரியே, என் கைபேசி இல்லாமலும் டாஷ்போர்டுக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்தேன். ஒவ்வொரு கிளையன்டுக்கும் அவரவர் தளத்தின் தனி நிர்வாகி லாகினும் டொமைன் விவரமும் போய்க்கொண்டிருக்கின்றன. இதுவரை 19 பேருக்குக் கொடுத்தாயிற்று.